செலவைக் குறைக்கச் சொல்வோர் குறைத்தவருக்கு ஏன் வாக்களிப்பதில்லை?

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் நார்க் ஆய்வு மையமும் 2023 மார்ச்சில் இணைந்து நடத்திய கருத்துக்கணிப்பில், மத்திய அரசு அளவுக்கு மீறிச் செலவு செய்கிறது என்று அமெரிக்கர்களில் 60 விழுக்காட்டினர் கூறினர். இதை மட்டும் படித்துவிட்டுத் தேர்தல் களத்தில் இறங்கும் வேட்பாளர், சிக்கனத்தை வாக்குறுதியாக வைத்தால் எளிதில் வென்றுவிடலாம் என்றே முடிவு செய்வார். ஆனால் அதே கணிப்பில், கல்விக்கு அரசு செலவிடுவது போதாது என்று 65 விழுக்காட்டினரும், மருத்துவத்துக்குப் போதாது என்று 63 விழுக்காட்டினரும், முதியோருக்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்குப் போதாது என்று 62 விழுக்காட்டினரும் சொன்னார்கள். செலவு மிகுதி என்று பெரும்பான்மையோர் தெளிவாகச் சுட்டிய இனம் வெளிநாட்டு உதவி. அதற்கு 69 விழுக்காடு. அன்றைய அமெரிக்க பட்ஜெட்டில் அந்த உதவியின் பங்கு 1 விழுக்காட்டை ஒட்டியது.

இந்த முரண் புதிதன்று. 1964ஆம் ஆண்டிலேயே லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கேன்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினர். அரசின் அதிகாரம், தனிமனிதப் பொறுப்பு, மத்திய அரசின் தலையீடு போன்ற பொதுக் கொள்கைகளைப் பற்றிக் கேட்டபோது மக்களில் பாதிப் பேர் பழைமைவாதிகளாகத் தெரிந்தனர். பள்ளிகளுக்கு உதவி, முதியோர் மருத்துவம், வேலையின்மை ஒழிப்பு என ஒவ்வொரு திட்டமாகப் பெயர் சொல்லிக் கேட்டபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அரசு இன்னும் செய்ய வேண்டும் என்ற பக்கம் நின்றனர். இரண்டு கணக்கையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் இருக்கிறார் என்பது புரியும். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் 44 மாநிலங்களை இழந்தார். சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேருவதை விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று அவர் பேசியிருந்தது எதிர்த்தரப்புக்கு நல்ல ஆயுதமாக அமைந்தது.

இதை மக்களின் அறியாமை அல்லது போலித்தனம் என்று தள்ளிவிடுவது பத்தி எழுத்தாளர்களுக்குப் பழகிப்போன வழக்கம். அமெரிக்க அனுபவத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது என்பது என் கருத்து. "செலவைக் குறைக்கலாமா" என்ற கேள்விக்கு வரும் விடை, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற மூன்று விவரமும் இல்லாத ஒரு கேள்விக்கான விடை. வாக்குச் சாவடிக்கு வரும்போது அந்த மூன்றும் நிரப்பப்பட்டிருக்கின்றன. இந்த இடைவெளியை முதலில் முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் அரசியல்வாதிகள்தாம். புரிந்துகொண்ட விதத்தை 1981 முதல் 1986 வரையிலான ஐந்தாண்டுகள் காட்டுகின்றன.

ரொனால்டு ரீகன் 1981 ஜனவரியில் அதிபராகப் பதவியேற்றபோது, நெருக்கடிக்குத் தீர்வு அரசு அல்ல, அரசே பிரச்சினை என்று உரையாற்றினார். மக்கள் ஆதரவு அவருக்கு மலையளவு இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் அவருடைய நிர்வாகம் ஒரு திட்டத்தை வெளியிட்டது: 62 வயதிலேயே ஓய்வு பெறுவோருக்கு முழு ஓய்வூதியத்தில் 80 விழுக்காடு கிடைத்துவந்ததை 55 விழுக்காடாகக் குறைப்பது, இது அடுத்த ஜனவரி முதலே நடைமுறைக்கு வருவது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறலாம் என்று கணக்குப் போட்டிருந்த ஒருவருக்கு எவ்வளவு பணம் போகும் என்பதை அன்றிரவே அவரால் கணக்கிட முடிந்தது. சில நாட்களுக்குள், குடியரசுக் கட்சியே பெரும்பான்மை வகித்த செனட் சபை, முன்கூட்டி ஓய்வு பெறுவோரின் உரிமையை இப்படித் திடீரென்று நியாயமற்ற முறையில் குறைக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 96க்கு 0 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ரீகனின் கட்சியிலிருந்துகூட அவருக்கு ஒரு வாக்கும் விழவில்லை.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. சமூகப் பாதுகாப்பு நிதி உண்மையிலேயே தீர்ந்துபோகும் தறுவாயில் இருந்தது. பொருளியலாளர் ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையிலான குழுவில் இரு கட்சியினரும் அமர்ந்து பேசினர். 1983இல் சட்டம் நிறைவேறியது. அதில் முழு ஓய்வூதிய வயது 65இலிருந்து 67ஆக உயர்த்தப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பெறும் தொகையைக் கணக்கிட்டால் இது 1981இல் முயன்றதற்கு இளைத்த வெட்டு அன்று. ஆனால் அது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகே படிப்படியாகத் தொடங்கும். 67 வயது என்பது 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கே முழுமையாகப் பொருந்தும். சட்டம் இயற்றப்பட்ட நாளில் அவர்களில் மூத்தவருக்கே 23 வயதுதான். அந்த வயதில் ஓய்வூதியத்தைப் பற்றி யோசித்துச் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுபவர் யார்? அதே சட்டம் ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு வருமான வரியும் விதித்தது. தனிநபருக்கு 25,000 டாலர் என்ற வரம்பை வைத்தது. அந்த வரம்பு பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்வதில்லை என்பதால், யாரும் புதிதாக எந்தச் சட்டமும் இயற்றாமலே ஒவ்வோர் ஆண்டும் மேலும் பலர் அந்த வரிக்குள் வந்து சேர்கிறார்கள். 1984 தேர்தலில் ரீகன் 49 மாநிலங்களை வென்றார். எதிர்த்து நின்ற வால்டர் மான்டேல், யார் வந்தாலும் வரி உயரத்தான் போகிறது, அதை நான் வெளிப்படையாகச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தார். அவருக்குச் சொந்த மாநிலமான மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும் கிடைத்தன.

1985இல் செனட் குடியரசுக் கட்சியினர் இந்தப் பாடத்தை மறந்தார்கள், அல்லது மறந்ததுபோல் துணிந்தார்கள். பற்றாக்குறையைக் குறைக்க, ஓய்வூதியத்தில் விலைவாசிக்கேற்ற உயர்வை ஓராண்டு நிறுத்திவைக்கும் பட்ஜெட் தீர்மானத்தை மே மாதம் ஒரு நள்ளிரவு கடந்த நேரத்தில் வாக்கெடுப்புக்கு விட்டனர். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கிடந்த கலிஃபோர்னியா செனட்டர் பீட் வில்சனைச் சபைக்குக் கொண்டுவந்து வாக்களிக்க வைத்தார்கள். துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாக்கால் தீர்மானம் 50க்கு 49 என்று தப்பியது. சில வாரங்களில் ரீகன் பிரதிநிதிகள் சபைத் தலைவர் டிப் ஓ'நீலுடன் சமரசம் செய்துகொண்டு அந்த வெட்டையே கைவிட்டார். வாக்களித்தவர்களுக்குப் பழி மட்டும் மிஞ்சியது. 1986 நவம்பரில் கட்சி எட்டு இடங்களை இழந்து செனட் பெரும்பான்மையைப் பறிகொடுத்தது. விவசாய நெருக்கடி உள்ளிட்ட வேறு காரணங்களும் அந்தத் தோல்விக்கு உண்டு. ஆனால் வாஷிங்டனில் எஞ்சிய நினைவு ஓய்வூதியத்தைத் தொட்டவன் கெட்டான் என்பதே. சமூகப் பாதுகாப்பை அமெரிக்க அரசியலின் "மூன்றாவது தண்டவாளம்" என்று அழைப்பது அந்தப் பத்தாண்டில்தான் பரவியது. மின்சார ரயில் பாதையில் மின்னோட்டம் பாயும் அந்தத் தண்டவாளத்தைத் தொட்டவர் பிழைப்பதில்லை.

வெட்டு எங்கே விழும் என்பது ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதற்குப் பட்ஜெட்டின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர் செலவிட்டது. சமூகப் பாதுகாப்பு, முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு, ராணுவம், கடனுக்கான வட்டி ஆகிய ஐந்தும் சேர்ந்து அதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துக்கொண்டன. பற்றாக்குறை 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. ராணுவம் நீங்கலாக, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவு முழுவதும், அதாவது ஆராய்ச்சி, வனப் பாதுகாப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, எல்லாத் துறைகளின் சம்பளம் உட்பட, கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடிதான். அவ்வளவையும் அடியோடு நிறுத்தினாலும் பள்ளம் பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பும். ஆனால் மக்கள் மனத்தில் உள்ள பட்ஜெட் வேறு. கைசர் குடும்ப அறக்கட்டளை இதைப் பல ஆண்டுகள் கேட்டுவந்தது. வெளிநாட்டு உதவிக்குப் போவது பட்ஜெட்டில் கால் பங்குக்கும் மேல் என்பதே பதில்களின் சராசரியாக வந்துகொண்டிருந்தது. அப்படி நம்பும் ஒருவர், தன் வீட்டுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் பற்றாக்குறையை ஒழித்துவிடலாம் என்று எண்ணினால் அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை. அவர் கையில் உள்ள எண்ணில்தான் பிழை.

இதற்கு இணையான இன்னொரு மறைவும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிஞர் சூசன் மெட்லர் 2008இல் நடத்திய ஆய்வில், நீங்கள் எப்போதாவது ஓர் அரசுத் திட்டத்தைப் பயன்படுத்தியதுண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு திட்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்டார். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோரில் 44 விழுக்காட்டினரும் மெடிகேரில் இருப்போரில் 40 விழுக்காட்டினரும் முதல் கேள்விக்கு இல்லை என்றே சொல்லியிருந்தனர். வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை பெறுவோரில் 60 விழுக்காட்டினரும் அவ்வாறே. சம்பளத்தில் ஆண்டுக்கணக்காகப் பிடித்த பணம் திரும்பி வருகிறது என்று நினைப்பவருக்கு அது அரசுச் செலவாகத் தோன்றுவதில்லை. 2009 கோடையில் தென் கரோலினாவில் காங்கிரஸ் உறுப்பினர் பாப் இங்லிஸ் நடத்திய கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அரசாங்கம் என் மெடிகேரில் கை வைக்கக் கூடாது என்று எச்சரித்தது நாடெங்கும் நகைப்புக்கு உள்ளானது. மெட்லரின் எண்களை அறிந்தவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. விளக்கம் சொல்ல முயன்ற இங்லிஸ் மறு ஆண்டு சொந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த 2010 தேர்தல் தனியாகவே ஆராயத்தக்கது. "டீ பார்ட்டி" இயக்கம் கடனையும் அரசுச் செலவையும் எதிர்த்துத் தெருவில் இறங்கிய ஆண்டு அது. குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாக வென்றது. சிக்கனத்துக்குக் கிடைத்த வெற்றி என்று அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அந்தக் கட்சியின் விளம்பரங்கள் பல தொகுதிகளில் வேறொரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன: ஒபாமாவின் மருத்துவச் சட்டம் மெடிகேரிலிருந்து பத்தாண்டுகளில் 50,000 கோடி டாலரை வெட்டுகிறது, ஆகவே ஜனநாயகக் கட்சியினரைத் தோற்கடியுங்கள். 65 வயதைக் கடந்த வாக்காளர்கள் 59க்கு 38 என்ற விகிதத்தில் அந்தக் கட்சியை ஆதரித்தனர். செலவைக் குறைக்கச் சொன்ன கட்சி, செலவுக் குறைப்பை எதிர்த்தே முதியோரின் வாக்கைத் திரட்டியது. வென்ற கையோடு அதே கட்சியின் பால் ரையன், வருங்கால முதியோருக்கு மெடிகேரைக் காப்பீட்டுக்கான மானியமாக மாற்றும் பட்ஜெட்டை 2011இல் முன்வைத்தார். சில வாரங்களில், நியூயார்க்கில் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த 26ஆம் தொகுதியின் இடைத்தேர்தலில், மெடிகேரைக் காப்பேன் என்ற ஒற்றை முழக்கத்தோடு கேத்தி ஹோக்கல் வென்றார். இன்று அம்மாநிலத்தின் ஆளுநர் அவர்.

யார் வாக்களிக்க வருகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. இரு அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வந்த 2014 இடைக்காலத் தேர்தலில் 30 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரே வாக்களித்தனர். 65ஐக் கடந்தோரில் 59 விழுக்காட்டினர் வந்தனர். கருத்துக்கணிப்பில் இருவருக்கும் ஒரே எடை. வாக்குப்பெட்டியில் ஒருவருக்கு மற்றவரைப்போல் மூன்று மடங்கு எடை. மேலும், செலவுக் குறைப்பால் பயனடைபவர் நாடு முழுவதும் சிதறிக் கிடக்கிறார், அவருக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சில டாலர் குறைந்த கடன்சுமை. இழப்பவரோ தன் மாதாந்தரத் தொகையை எதிர்நோக்கி இருக்கிறார், சுமார் 3.8 கோடி உறுப்பினர் கொண்ட முதியோர் சங்கம் ஒன்றும் அவருக்கு உண்டு.

வரிப் பக்கத்திலும் கதை இதே திசையில்தான் செல்கிறது. 1993இல் பில் கிளிண்டனின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் வரியை உயர்த்தியது. ஒரு குடியரசுக் கட்சி வாக்கும் இல்லாமல் பிரதிநிதிகள் சபையில் 218க்கு 216 என்று நிறைவேறியது. கடைசி நேரத்தில் ஆதரவாக வாக்களித்த பென்சில்வேனியா உறுப்பினர் மார்ஜரி மார்கோலிஸ் மெஸ்வின்ஸ்கி அடுத்த தேர்தலில் தொகுதியை இழந்தார். கட்சி சபையையே இழந்தது. 1998 முதல் 2001 வரை அமெரிக்க பட்ஜெட் உபரியில் இருந்ததில் அந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு, பங்குச்சந்தை ஏற்றத்துக்கும் உண்டு. ஆனால் அந்த உபரிக்காக யாரும் மார்கோலிஸைத் திரும்பத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்று ஜனநாயகக் கட்சியும் ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்குக் கீழ் சம்பாதிப்போருக்கு வரி உயராது என்று உறுதியளித்தே போட்டியிடுகிறது. ஒரு கட்சி செலவின் பெரும்பகுதியையும் மறுகட்சி வரி செலுத்துவோரின் பெரும்பகுதியையும் பேச்சிலிருந்தே விலக்கிவிட்டால், மிஞ்சுவது கடன்தான்.

சிக்கனம் பேசியவர் எப்போதும் தோற்றார் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1992 அதிபர் தேர்தலில் ராஸ் பெரோ எந்தக் கட்சியும் இல்லாமல், பற்றாக்குறையையே முதன்மையாகப் பேசி, வரைபடங்களைத் தொலைக்காட்சியில் காட்டி, பெட்ரோல் வரியை உயர்த்த வேண்டும் என்றும் சொல்லி 18.9 விழுக்காடு வாக்குப் பெற்றார். கனடாவில் ழான் கிரேட்சியன் அரசின் நிதியமைச்சர் பால் மார்ட்டின் 1995இல் கடுமையான வெட்டுகளைச் செய்தார். 1997இல் அந்த அரசு மெல்லிய பெரும்பான்மையோடு திரும்பி வந்தது. ஹார்வர்டு பொருளியலாளர் ஆல்பெர்டோ அலெசினா பல நாடுகளின் தேர்தல்களை ஆராய்ந்து, பற்றாக்குறையைக் குறைத்த அரசுகள் கட்டாயம் தோற்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றார். வெல்லும் நம்பிக்கை உள்ள அரசுகளே வெட்டத் துணிகின்றன என்பதால் அந்த முடிவைச் சற்று எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது அர்ஜென்டினா. மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தைக் கூட்டங்களில் தூக்கிக் காட்டிய ஹாவியர் மிலே 2023 நவம்பரில் ஏறத்தாழ 56 விழுக்காடு வாக்கோடு அதிபரானார். சொன்னபடியே வெட்டினார், அதில் ஓய்வூதியதாரர் சுமந்த பங்கு பெரிது. எனினும் 2025 அக்டோபர் நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி சுமார் 41 விழுக்காடு பெற்று முதலிடத்தில் வந்தது. அங்கு வாக்காளருக்குப் பற்றாக்குறை என்பது நிபுணர்களின் எச்சரிக்கையாக இல்லை. 2023இல் 211 விழுக்காட்டைத் தொட்ட பணவீக்கமாக, காலையில் ஒரு விலை மாலையில் ஒரு விலை என்று அது கடைவாசலுக்கே வந்துவிட்டது. உலகமே டாலரில் சேமிக்க விரும்புவதால் அமெரிக்கா எளிதாகக் கடன் வாங்க முடிகிறது. அங்கே பற்றாக்குறைக்கு வாக்காளர் கையில் கொடுத்து உணரும் விலை இல்லை. விலை தெரியாத நோய்க்கு விலை தெரிந்த மருந்தை வாங்க அவர் மறுப்பதில் என்ன முரண் இருக்கிறது?

2025ஆம் ஆண்டு இவை அனைத்தையும் ஒரே மேடையில் காட்டியது. அரசுச் செலவில் 2 லட்சம் கோடி டாலரைக் குறைக்கலாம் என்று தேர்தலுக்கு முன் சொன்ன ஈலான் மஸ்க், பிறகு அதை ஒரு லட்சம் கோடியாக்கி, மே மாத இறுதியில் அரசுப் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் குழு முதலில் கை வைத்தது வெளிநாட்டு உதவி நிறுவனத்தில்; கருத்துக்கணிப்பை ஒரு முறை பார்த்தவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிதியாண்டின் மொத்தச் செலவு குறையாமல் 7 லட்சம் கோடியை ஒட்டி உயர்ந்தது. ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம், காங்கிரஸின் பட்ஜெட் அலுவலக மதிப்பீட்டின்படி பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும். மெடிகெய்டில் அது செய்த பெரும் வெட்டுகளுள் ஒன்று, பயனாளிகள் வேலை செய்வதை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை. இதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டிய கடைசி நாள் 2027 ஜனவரி 1. இடைக்காலத் தேர்தல் 2026 நவம்பரில். டிப்ஸ் வருமானத்துக்கான வரிச்சலுகையோ 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்தே பொருந்தும். 1983இல் கற்ற பாடத்தின் சுருங்கிய பதிப்பு இது. அன்று பதினேழு ஆண்டு ஒத்திவைத்தார்கள், இன்று ஒரு தேர்தலுக்கு ஒத்திவைக்கிறார்கள். இந்த வெட்டை எதிர்த்து வாக்களித்த வட கரோலினா செனட்டர் டாம் டில்லிஸ், அந்த வாரமே மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

அதே ஆண்டின் தொடக்கத்தில், பதவிக்காலம் முடியும் நிலையில் இருந்த பைடன் கையெழுத்திட்ட வேறொரு சட்டம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அரசுப் பணியில் தனி ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்கள், காவலர்கள் போன்றோருக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகையை உயர்த்திய அது, செனட்டில் 76க்கு 20 என்று இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. செலவு மிகுதி என்று சொல்லி வென்றவர்கள் பலரும் அதற்குக் கை தூக்கினர். அந்த உயர்வால் நிதி இன்னும் சற்று முன்னதாகத் தீரும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

அந்த நிதியின் அறங்காவலர்கள் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதியோர் ஓய்வூதியத்துக்கான இருப்பு 2033இல் தீர்ந்துவிடும். அதன்பின் வரும் வருவாயைக் கொண்டு உரிய தொகையில் 77 விழுக்காட்டைத்தான் வழங்க முடியும். காங்கிரஸ் ஒன்றும் செய்யாவிட்டால், எவரும் வாக்களிக்காமல், எவர் பெயரும் அதில் ஒட்டாமல், 23 விழுக்காடு வெட்டு தானாகவே விழும். 2028இல் தேர்ந்தெடுக்கப்படும் செனட்டர்களின் ஆறாண்டுப் பதவிக்காலம் அந்த ஆண்டைத் தாண்டிச் செல்கிறது. ஆகவே அந்தத் தேர்தலில் போட்டியிடுவோரிடம் இதை எண்ணோடும் தேதியோடும் கேட்க முடியும்.